மாதாமாதமா, மொத்தமாகவா

கோஹுங்
14 மார்ச் 1995

அன்புத் தங்கை மால்சுனுக்கு,

அண்ணன் தொக்சு எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். உன் சர்க்கரை எப்படி இருக்கிறது? தேஜோனில் இன்னும் குளிர் விடவில்லை என்று வானொலியில் சொன்னார்கள். காலுக்குக் கம்பளி போடாமல் வெளியே போகாதே.

செய்தி இதுதான். வருகிற டிசம்பர் முப்பத்தொன்றோடு என்னை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். முப்பத்தோரு வருடம் போலீஸ் தொப்பி போட்ட தலை, இனி வெறும் தலை. நிலையத்துப் பையன்கள் இப்போதே கேலியை ஆரம்பித்துவிட்டார்கள். "ஐயா போயிட்டா துறைமுகத்துக் குடிகாரங்களை எல்லாம் யாரு பேர் சொல்லி எழுப்பி வீட்டுல கொண்டு விடுறது?" என்கிறான் ஒருவன்.

ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வந்திருக்கிறது. சாகும்வரை மாதாமாதம் வாங்கிக்கொள்ளலாம். இல்லையென்றால் எல்லாவற்றையும் ஒரே தடவையாக மொத்தமாக வாங்கிக்கொண்டு விலகிவிடலாம். பாதி இப்படி, பாதி அப்படி என்று மூன்றாவது கட்டமும் இருக்கிறது. நவம்பர் முடிவதற்குள் ஏதாவது ஒன்றில் குறி போட வேண்டும். திருடனைப் பிடிக்கச் சொன்னால் பிடித்துவிடுவேன். இது எனக்குப் பிடிபடவில்லை.

யோன்னிம் மொத்தமாக வாங்கச் சொல்கிறாள். "நீங்க இருக்குற வரைக்கும் சரி. உங்களுக்கு அப்புறம் நான் எந்த வாசல்ல போய் நிக்கிறது?" என்று கேட்கிறாள். பத்தொன்பது வருடம் என்னோடு இருப்பவள், கேட்கத்தான் கேட்பாள்.

உன் வீட்டுக்காரர் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் போன பிறகு அதே அலுவலகம்தானே உனக்குப் பணம் அனுப்புகிறது? அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன். நான் மாதாமாதம் என்று குறி போட்டால், எனக்குப் பின்னால் அது யோன்னிமுக்கு வருமா? இந்த ஒன்று தெரிந்தால் போதும்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அண்ணன்
தொக்சு

*

தேஜோன்
9 ஏப்ரல் 1995

மதிப்புக்குரிய அண்ணாவுக்கு,

மால்சுன் வணக்கம். கடவுள் புண்ணியத்தில் நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் சோஜு குடிப்பதைக் குறைத்துவிட்டீர்களா? சளி பிடித்தால் அலட்சியம் செய்யாதீர்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அண்ணா, யோசிக்கவே வேண்டாம், மாதாமாதம் என்று போடுங்கள். எங்கள் எதிர்வீட்டில் சிக்னல் வேலை பார்த்தவர் ஒருவர் இருந்தார். மொத்தமாக வாங்கினார். சின்ன மகன் வந்து, "அப்பா, கோழி வறுவல் கடை போட்டா ரெண்டே வருஷத்துல திருப்பிக் குடுத்துடுறேன்" என்று காலைப் பிடித்தான். கடையும் போயிற்று, மகனும் இப்போது இந்தப் பக்கம் வருவதில்லை. கிழவர் தள்ளுவண்டியோடு பழைய அட்டை பொறுக்குகிறார். மொத்தமாகக் கையில் வருகிற பணத்துக்கு ஊரெல்லாம் சொந்தக்காரர்கள்.

பின்னால் வருமா என்று கேட்டிருந்தீர்கள். என் வீட்டுக்காரர் போன மறுமாதமே இருபத்தைந்தாம் தேதி எனக்கு வந்துவிட்டது. இந்த ஆறு வருடத்தில் ஒரு மாதம்கூடத் தவறவில்லை. அரசாங்கத்துப் பணம், யார் கையிலும் சிக்காத பணம்.

போக்ஜா இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. போன வாரம் கொதிக்கிற சூப் கையில் கொட்டி முழங்கை வரை கட்டுப் போட்டிருக்கிறாள். கியோங்மி குமியில் தொலைக்காட்சித் தொழிற்சாலைக்குப் போய்விட்டாள். உங்கள் மனைவியையும் மகளையும் பற்றி நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்று தெரியும். நானாகத்தான் எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மால்சுன்

*

கோஹுங்
28 மே 1995

அன்புத் தங்கைக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். இங்கே வெங்காயம் பிடுங்கும் காலம், ஊரே வயலில்தான் கிடக்கிறது. எனக்குக் கொஞ்சம் அசதி, வேறொன்றும் இல்லை. கொஞ்சம் உலர்ந்த கடல்பாசி அனுப்பியிருக்கிறேன். எண்ணெய் தடவி வாட்டிச் சாப்பிடு.

உன் கடிதத்தை யோன்னிமுக்குப் படித்துக் காட்டினேன். தன் கடையில் நூடுல்ஸுக்கு மாவு பிசைந்துகொண்டே கேட்டாள். முடித்ததும், "அவங்களுக்கு வந்துச்சுன்னு எழுதியிருக்காங்க. எனக்கு வரும்னு எழுதலையே" என்றாள். "ஏண்டி, நீ போலீஸ்காரியா, நான் போலீஸ்காரனா?" என்று சிரித்து மழுப்பினேன். ஆனால் அவள் சொன்னது மனதில் உட்கார்ந்துவிட்டது.

நேராகவே கேட்கிறேன். குடும்பப் பதிவேட்டில் இன்றும் போக்ஜாதான் என் மனைவி. அது குறுக்கே நிற்குமா? மாவட்டத் தலைமையகத்தில் நானே கேட்கலாம். கேட்டால் அடுத்த நாளே கதை இங்கே வந்து சேரும். இந்த ஊரில் எல்லோரும் யோன்னிமைத்தான் என் மனைவி என்று நினைத்திருக்கிறார்கள். போகிற வயதில் அவளைத் தலைகுனிய வைக்க வேண்டுமா? உனக்கு அந்த அலுவலகத்தில் பழக்கம் உண்டு. யார் பெயரும் சொல்லாமல் விசாரித்து எழுது.

போக்ஜாவின் கையைப் பற்றி எழுதியிருந்தாய். படித்தேன்.

தொக்சு

*

தேஜோன்
20 ஜூலை 1995

மதிப்புக்குரிய அண்ணாவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். மழையில் சமையலறைக்குள் தண்ணீர் வந்துவிட்டது. அசதி என்று எழுதியிருந்தீர்கள். இப்போது தேவலையா? ஒருமுறை டாக்டரிடம் காட்டுங்கள்.

அலுவலகத்தில் எனக்குத் தெரிந்த பெண்ணிடம் பெயர் சொல்லாமல் கேட்டேன். பதிவேட்டில் இல்லாமல் கூடவே வாழ்ந்தவர்களுக்கும் கொடுப்பது உண்டு என்று சொன்னாள். ஆகவே கவலையை விடுங்கள், மாதாமாதம் என்றே போடுங்கள்.

போக்ஜாவுக்கு வேலை போய்விட்டது. கை ஆறிவிட்டது, ஆனால் முட்டி இரண்டும் போய்விட்டதால் பெரிய பானை தூக்க முடியவில்லை. நேற்று வந்திருந்தாள். அம்மா படுக்கையில் கிடந்த ஒன்பது வருடமும் அம்மாவைத் தூக்கிப் புரட்டி, துடைத்து, முதுகில் புண் வராமல் பார்த்துக்கொண்ட முட்டிகள் அவை. நான் கல்யாணமாகி வந்துவிட்டேன். நீங்கள் தீவுக்கு மாற்றலாகிப் போனீர்கள், பிறகு கோஹுங்கிலேயே தங்கிவிட்டீர்கள். அவள்தான் இருந்தாள். "மகளாட்டம் பாத்துக்கிட்டா" என்று அம்மா கடைசியில் சொன்னது அவளைத்தான், என்னை இல்லை.

இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. மழை நாள், வேறு வேலை இல்லை.

மால்சுன்

*

கோஹுங்
11 செப்டம்பர் 1995

அன்புத் தங்கைக்கு,

அறுவடைப் பௌர்ணமி நல்லபடியாக முடிந்ததா? அப்பா அம்மா கல்லறையில் புல் வெட்ட நான் வந்திருக்க வேண்டும். முடியவில்லை. நீயும் போக்ஜாவும் போனதாகக் கேள்விப்பட்டேன். சந்தோஷம்.

சுன்சொன் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தேன். வயிற்றுப் புண்ணாம். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். குடியை நிறுத்திவிட்டேன், நீ சிரிப்பாய்.

ஒரு உதவி. போக்ஜாவிடம் நீ பேச வேண்டும். விவாகரத்துத் தாளில் அவள் பெயர் முத்திரை ஒன்று அழுத்தினால் போதும். நான் யோன்னிமைப் பதிவு செய்துகொள்வேன், அதுவும் டிசம்பருக்குள், பணியில் இருக்கும்போதே. எனக்கு அவள் முகத்தைப் பார்த்துக் கேட்கத் தைரியமில்லை. இருபது வருடமாக இல்லாத தைரியம் இப்போது எங்கிருந்து வரும்? யோன்னிம், "நானே தேஜோன் போயி அவங்க கால்ல விழுந்து கேக்குறேன்" என்று கிளம்பினாள். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். நீ கேட்டால் போக்ஜா மறுக்க மாட்டாள். சின்ன வயதிலிருந்தே உன் பேச்சுக்குத்தான் கட்டுப்படுவாள்.

அவள் மறுத்தால் நான் மொத்தமாகவே வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன். வாங்கி யோன்னிம் கையில் கொடுத்துவிட்டால் என் மனம் ஆறும். சீக்கிரம் எழுது.

தொக்சு

*

தேஜோன்
30 அக்டோபர் 1995

மதிப்புக்குரிய அண்ணாவுக்கு,

வயிறு இப்போது எப்படி இருக்கிறது? முட்டைக்கோஸை வேகவைத்துச் சாப்பிடுங்கள், புண்ணுக்கு நல்லது. எனக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறி இறங்குகிறது.

போக்ஜாவிடம் பேசினேன். "அந்த வீட்டு மருமகளாவே செத்துப்போறேன், முத்திரை மட்டும் கேக்காத" என்று சொல்லிவிட்டாள். அவளை இனி யாரும் நெருக்க வேண்டாம். நீங்களும் எழுதாதீர்கள், யோன்னிம் அவர்களையும் எழுத விடாதீர்கள். அவள் மனம் தாங்காது.

அதற்காக நீங்கள் மொத்தமாக வாங்கிவிடாதீர்கள். அலுவலகத்துப் பெண் சொன்னதைத்தான் முன்பே எழுதிவிட்டேனே. உங்களுக்கு இன்னும் இருபது இருபத்தைந்து வருட ஆயுள் இருக்கிறது. மாதாமாதம் வாங்கினால் மொத்தத்தைவிட அதிகமாகவே வாங்கியிருப்பீர்கள். நான் உங்களுக்குக் கெட்டது சொல்வேனா?

குளிர் தொடங்கிவிட்டது. நெஞ்சுக்குக் காற்றுப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மால்சுன்

*

கோஹுங்
3 டிசம்பர் 1995

அன்புத் தங்கைக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நீ சொன்னபடியே குறி போட்டுவிட்டேன். மாதாமாதம். முத்திரையையும் அழுத்தி, உறையை நானே தபால் நிலையத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

இங்கே குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போட்டாயிற்று. நூறு முட்டைக்கோஸ். யோன்னிம் உப்புத் தண்ணீரில் நின்றபடி, "ரெண்டு பேருக்கு எதுக்கு நூறு?" என்று அவளே கேட்டு அவளே சிரித்தாள். பாதியை நிலையத்துக்கு அனுப்பினோம்.

நூடுல்ஸ் கடையை விற்றுவிட்டாள். நான்தான் விற்கச் சொன்னேன். மாதாமாதம் பணம் வரப்போகிறது, அது எனக்குப் பின்னாலும் நிற்காது, இனி எதற்கு அடுப்பில் வேகிறாய் என்றேன். ஒரு நாள் முழுக்கக் கடை அடுப்பையே தேய்த்துக் கழுவினாள். பிறகு சரி என்றாள். விற்ற பணத்தில் கடலைப் பார்த்த மாதிரி இரண்டு அறை வாடகைக்கு எடுத்தோம். மிச்சம் ஆஸ்பத்திரிச் செலவுக்கு இருக்கட்டும் என்று வைத்திருக்கிறோம்.

இருபத்தெட்டாம் தேதி வழியனுப்பு விழா. உன்னால் வர முடியுமா? தொலைவு, தெரியும். வந்தால் ஒருமுறை பார்த்த மாதிரி இருக்கும்.

தொக்சு

*

குவாங்ஜு
27 ஜனவரி 1996

மதிப்புக்குரிய மால்சுன் அவர்களுக்கு,

வணக்கம். நான் யோன்னிம். நீங்கள் நலமாக இருக்க வேண்டுகிறேன். உங்களுக்கு இதுவரை நான் எழுதியதில்லை. எழுத எனக்கு என்ன முறை இருக்கிறது என்றும் தெரியவில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் குவாங்ஜு ஆஸ்பத்திரியில் இருக்கிறார். வயிற்றுப் புண் இல்லை, கல்லீரல். செப்டம்பரிலேயே சுன்சொனில் சொல்லிவிட்டார்களாம். என்னிடமே டிசம்பர் விழா முடிந்துதான் சொன்னார். உங்களிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார். "அவ சர்க்கரைக்காரி, பயந்துடுவா" என்றார். சத்தியத்தை உடைத்துத்தான் இதை எழுதுகிறேன். டாக்டர் சில வாரம் என்கிறார்.

நேற்று முன்தினம் முதல் மாத ஓய்வூதியம் வந்தது. அவரிடம் காட்டினேன். கண்ணால் மட்டும் சிரித்தார்.

எனக்கு ஒன்று கேட்க வேண்டும். உடம்பு இப்படி என்று தெரிந்தே அவர் மாதாமாதம் என்று குறி போட்டிருக்கிறார். ஏன் என்று கேட்டேன். "எனக்கு நாலு மாசம் வந்தாலும் உனக்கு நாப்பது வருஷம் வரும்டி" என்றார். அது உண்மைதானே? கையில் இருந்ததெல்லாம் இங்கே கரைந்துகொண்டிருக்கிறது. உங்களைத் தவிர வேறு யாரைக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

சீக்கிரம் வாருங்கள். நினைவு இருக்கும்போதே வாருங்கள்.

யோன்னிம்

*

கோஹுங்
10 ஏப்ரல் 1996

மதிப்புக்குரிய மால்சுன் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் உடம்பு தேவலையா? சாவு வீட்டில் நீங்கள் எதுவும் சாப்பிடவில்லை, அது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஜனவரியில் எழுதிய கடிதத்துக்கு நீங்கள் பதில் போடவில்லை. ஆஸ்பத்திரிக்கும் வரவில்லை. பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி அவர் போனபிறகுதான், போக்ஜா அவர்களையும் கியோங்மியையும் அழைத்துக்கொண்டு வந்தீர்கள். துக்கத் துணி கட்டிக்கொண்டு அவர் படத்துக்குப் பக்கத்தில் அவர்கள் நின்றார்கள். அது அவர்கள் இடம், நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் சமையலறைக்குள் போய், வருகிறவர்களுக்கு இறைச்சிச் சூப் ஊற்றினேன். நிலையத்துப் பையன்கள் வந்தார்கள். யாரைக் கும்பிடுவது என்று தெரியாமல் விழித்தார்கள். ஒருவன் சமையலறை வரை தேடிவந்து, "அக்கா, நீங்க ஏன் இங்க நிக்கிறீங்க?" என்று கேட்டான். "சூப்பு ஆறிடும்ல தம்பி" என்றேன். அவன் கரண்டியை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதான்.

மார்ச் மாதம் பணம் வரவில்லை. ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பையன் நல்ல பையன்தான். "அம்மா, பதிவேட்டுல உங்க பேரு இல்லையே. அவரு மனைவி பேருக்கு மாத்தியாச்சு" என்றான். கூட வாழ்ந்தவர்களுக்கும் உண்டாமே என்றேன். "உண்டுதான். பதிவான மனைவி உயிரோட இருந்தா அவங்களுக்குத்தான். வழக்குப் போடலாம். வருஷக்கணக்கா இழுக்கும், ஜெயிக்கிறதும் கஷ்டம்" என்றான். எத்தனை நாளாக இப்படி விதி என்று கேட்டேன். "எப்பவுமே இப்படித்தாம்மா. யாரு வந்து கேட்டாலும் இதைத்தான் சொல்றோம்."

வீட்டுக்கு வந்து அவர் பெட்டியைத் திறந்து உங்கள் கடிதங்களை வரிசையாக வைத்துப் படித்தேன். எனக்குப் படிப்பு குறைவு. அதனால் நான்கு தடவை படித்தேன்.

போக்ஜா அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். சண்டைக்கு இல்லை. முத்திரை தர மறுத்ததில் எனக்குக் கோபம் கிடையாது என்று எழுதினேன். ஒன்பது வருடம் அவர் அம்மாவைப் பார்த்தவர்கள், மறுக்க உரிமை உண்டு.

கடல் பார்த்த அறைகளைக் காலி செய்துவிட்டேன். சிப்பி உடைக்கும் கொட்டகைக்குப் போகிறேன். கொட்டகைக்குப் பின்னால் தங்க இடம் தந்திருக்கிறார்கள்.

யோன்னிம்

*

குமி
2 ஜூன் 1996

மால்சுன்,

நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். கேட்டதாக வைத்துக்கொள். நான் கியோங்மியோடு இருக்கிறேன். பதினெட்டாம் தேதி முட்டிக்கு அறுவை.

கோஹுங்கிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. எழுத்துக்கூட்டி எழுதியிருக்கிறாள் பாவம். நான் முத்திரை தர மறுத்தேனாம். எப்போது மறுத்தேன்? யாரிடம் மறுத்தேன்? என்னிடம் யாரும் கேட்கவே இல்லையே மால்சுன். அந்த அக்டோபர் முழுக்க வாரத்துக்கு மூன்று நாள் உன் வீட்டுக்கு வந்தேன். நீ கஞ்சி வைத்துக் கொடுத்தாய். முட்டிக்கு மூலிகைப் பற்று போட்டாய். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? எனக்கே தெரியாது. தந்திருக்கலாம். அவர் முகத்தில் விட்டெறிந்தும் இருக்கலாம். ஆனால் சொல்ல வேண்டிய வாய் என்னுடையது. என் பெயரில் நீ பேசிவிட்டாய்.

ஓய்வூதியத்துக்கு அந்தத் தாள்களை எல்லாம் நீ நிரப்பிக்கொண்டு வந்தபோது நான் அழுதேன். அவருக்குக் கடைசியில் என் நினைப்பு வந்ததே என்று அழுதேன். இருபது வருடத்தில் அந்த ஒரு நாள்தான் அவரை மன்னித்தேன். அதையும் இப்போது நீ எடுத்துக்கொண்டாய்.

பாதியை அவளுக்கு அனுப்பலாமா என்று மூன்று நாள் தூங்காமல் யோசித்தேன். கியோங்மி, "அம்மா, ஆபரேஷனுக்கு அப்புறம் யோசிக்கலாம்" என்றாள். அனுப்பவில்லை. இனியும் அனுப்பமாட்டேன் என்றுதான் தோன்றுகிறது. சிப்பி உடைக்கிறவளின் சோற்றைத் தின்று கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தே தின்கிறேன். ஐம்பத்தேழு வயது வரை நான் இப்படிப்பட்டவளாக இருந்ததில்லை. உன் அண்ணன்கூட என்னை இப்படி ஆக்கவில்லை.

அறுவைக்கு நீ வர வேண்டாம்.

போக்ஜா

*

தேஜோன்
16 ஜூலை 1996

அன்புள்ள யோன்னிம் அவர்களுக்கு,

நீங்கள் நலமா? வெயில் காலத்தில் சிப்பி வேலை இருக்காதே, என்ன செய்கிறீர்கள்? இதைக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

அலுவலகத்துப் பெண் போன வருடம் என்னிடம் இரண்டு வாக்கியம் சொன்னாள். முதலாவதை மட்டும் அண்ணனுக்கு எழுதினேன். இரண்டாவது, உங்களிடம் அந்தப் பையன் சொன்னது. போக்ஜாவிடம் நான் கேட்கவே இல்லை. அவள் சரி என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன்.

ஏன் செய்தேன் என்று நீங்கள் நினைப்பீர்கள். உங்கள்மேல் எனக்குப் பகை கிடையாது. போக்ஜாவை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவள் நான். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளை, "எங்க அண்ணன் தங்கம்டி, கட்டிக்கோ" என்று நான்தான் நச்சரித்தேன். என் அம்மாவை நான் பார்க்காமல் அவள் பார்த்தாள். அவளுக்கு ஏதாவது கிடைக்க வேண்டும் என்று நினைத்தேன். அண்ணனுக்கு நோய் என்று தெரியாது, அதைச் சத்தியமாகச் சொல்கிறேன். அவர் இன்னும் இருபது வருடம் இருப்பார், அதற்குள் எல்லாம் எப்படியாவது சரியாகிவிடும் என்று நினைத்தேன். உங்கள் ஜனவரிக் கடிதம் வந்த பிறகுதான் நோய் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்தால் அவர் நேருக்கு நேர் கேட்பாரே, அதற்குப் பயந்துதான் வரவில்லை. உயிரோடு பார்க்காமல் போனேன்.

போக்ஜாவுக்கு நான் பட்ட கடனை உங்களிடமிருந்து எடுத்துக் கொடுத்தேன். என் கையிலிருந்து ஒன்றும் கொடுக்கவில்லை. இதை எழுதும்போதுதான் அது எனக்கே தெரிகிறது.

இத்துடன் என் ஓய்வூதியத்தில் பாதி இருக்கிறது. உயிரோடு இருக்கும்வரை மாதாமாதம் அனுப்புவேன். மறுக்காதீர்கள்.

மால்சுன்

*

கோஹுங்
5 செப்டம்பர் 1996

மதிப்புக்குரிய மால்சுன் அவர்களுக்கு,

வணக்கம். நான் வேலைக்குப் போய்வருகிறேன். வெயில் காலத்தில் நெத்திலி காயவைக்கும் வேலை இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய ஜூலைப் பணமும் ஆகஸ்ட் பணமும் இத்துடன் திரும்பி வருகிறது. உங்களுக்குச் சர்க்கரை மருந்து வாங்க வேண்டும். இனி வந்தால் தபால்காரரே திருப்பிவிடுவார், சொல்லிவைத்திருக்கிறேன்.

ஏப்ரல் கடிதத்தில் நான் எழுதாமல் விட்ட ஒன்று உண்டு. எழுதாமலே இருந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். நீங்கள் எல்லாவற்றையும் எழுதிவிட்டீர்கள், நானும் எழுதிவிடுகிறேன்.

கடைசி வாரத்தில் அவர் ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் தலையைத் திருப்பிப் பார்ப்பார். செவிலி வருவாள், துடைக்கிறவள் வருவாள். மறுபடி கண்ணை மூடிக்கொள்வார். பதினேழாம் தேதி சாயங்காலம் நான் அழுதுவிட்டேன். "உங்களுக்கு அப்புறம் எனக்குன்னு யாரு இருக்கா?" என்று கேட்டேன். நாள் முழுக்கப் பேசாமல் கிடந்தவர் அப்போது வாயைத் திறந்தார். பேசியது அதுதான் கடைசி.

"மால்சுன் இருக்காடி. அவ எல்லாம் விசாரிச்சு வச்சிருக்கா" என்றார்.

யோன்னிம்